மாசி அமாவாசையன்று திறந்த பட்டறை

என் கையெழுத்து நன்றாக இருக்கும் ஐயா. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுகிற வேலையை எனக்குத்தான் கொடுப்பார்கள். ஆகையால் உங்கள் ஸ்டேஷன் எழுத்தரைச் சிரமப்படுத்த வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் கலைவாணி, வயது ஐம்பத்து மூன்று. பிள்ளையார்பாளையத்தில் உழைக்கும் பெண்களுக்கான பாதுகாப்பு மையம் ஒன்றைப் பதினொரு வருடமாக நடத்துகிறேன். சாயத்தொட்டியில் கை வெந்தவள், கூலி கேட்டு அடி வாங்கினவள், குடித்துவிட்டுத் துரத்துகிற புருஷனிடமிருந்து ஓடி வருகிறவள், எல்லோரும் எங்கள் படியைத்தான் மிதித்தார்கள். ஆரம்பத்தில் என் நகைகளை வைத்து ஒப்பேற்றினேன். பிறகு அரசு மானியம் கிடைத்தது. ஊர்ப் பாதுகாப்புக்கும் தொழிலாளர் உரிமைக்கும் பாடுபடுகிற அமைப்புகளுக்குக் கொடுப்பது. அதை வைத்து நான்கு பெண்களுக்குச் சம்பளம், ஓர் உதவி எண், அடைக்கலம் தேடி வருகிறவர்களுக்கு இரண்டு அறைகள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மானியத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரண்டு அறைகளையும் பூட்ட வேண்டியதுதான்.

புதுப்பிக்க ஒரு விதி உண்டு. தீராத புகார் எதுவும் எங்கள் கையில் நிலுவையில் இருக்கக்கூடாது. புகாரை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களைக் கழித்துக்கட்ட வைத்த விதி, நல்ல விதிதான். எங்களிடம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது காந்தாவுடையது.

காந்தா, முருகேசன் என்பவருடைய சாயப்பட்டறையில் வேலை பார்த்தாள். புருஷன் இறந்துவிட்டார். ஜெயப்ரியா என்று ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். சாயம் ஏறிய பட்டு நூலைப் பிழிகிற மெஷின் அந்தப் பட்டறையில் இருக்கிறது. "தொட்டா சுருக்குனு இழுக்குதுக்கா. செருப்பு போட்டுக்கினுதான் நிக்கிறேன், அப்பவும் விடமாட்டேங்குது" என்று காந்தா வந்து சொன்னாள். நான்தான் புகார் எழுதினேன். நான்தான் முருகேசனிடம் போய் நின்றேன். அவரும் தட்டிக் கழிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் அமாவாசை கழித்து வருவார், அதுவரை யாரும் அந்த மெஷினைத் தொட வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் மானியம் தருகிற துறையிலிருந்து போன் வந்தது. அதிகாரி நேரில் வருகிறாராம். புகார் தீர்ந்த பட்டறை ஒன்றைப் பார்க்க வேண்டுமாம். தொழிலாளி மெஷினருகே நிற்கிற மாதிரி ஒரு படமும் வேண்டுமாம். குறித்த நாள் மாசி அமாவாசை. அமாவாசையில் எங்கள் தெருக்களில் தறி ஓடாது, பட்டறை திறக்காது. வேறு தேதி கேட்டிருக்கலாம். கேட்டால் மானியத்தைப் புதுப்பிக்கிற கெடுவான மார்ச் தாண்டிவிடுமே என்று பயந்தேன். மற்ற பட்டறைக்காரர்கள் அன்றைக்குத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முருகேசன் மட்டும் என் முகத்துக்காகச் சாவியைக் கொடுத்தார். "மெஷினைப் போடமாட்டீங்களேம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

சாவி வாங்கின அன்று சாயங்காலமே காந்தாவை மையத்துக்கு வரச்சொன்னேன்.

"அமாவாசைக்கா. அவருக்குப் படையல் போடணும், நான்தான் வெக்கணும்" என்றாள்.

"பதினோரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்மா. மெஷினை ஓடவிட்டு அரைமணி நேரம் நின்னா போதும்."

"சரி பண்ணிட்டாங்களாக்கா?"

"பண்ணியாச்சு."

என் குறை தீர்ந்தது என்று அவள் பெயரில் கடிதம் எழுதி வைத்திருந்தேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். சாவியையும் வாங்கிக்கொண்டாள்.

அமாவாசையன்று பத்தே முக்காலுக்கு நான் பட்டறைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காந்தா தூக்கியடிக்கப்பட்டுத் தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்தாள். வாசல் பக்கத்திலேயே மெயின் சுவிட்ச். அதை அணைத்தேன். அவளுக்கு மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அரசு மருத்துவமனை ஆட்டோவில் பத்து நிமிஷம். மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அன்று தெருவே அமைதியாக இருந்தது, ஆண்களும் பெண்களும் வீட்டிலேயே இருந்தார்கள். சாதாரணக் குரலில் கூப்பிட்டிருந்தாலும் பத்துப் பேர் ஓடி வந்திருப்பார்கள். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரியின் ஜீப் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. அந்த இரண்டு அறைகளை நினைத்தேன். அப்போது அங்கே கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். ஒரு பக்கம் ஒரு காந்தா, இன்னொரு பக்கம் இனி வரப்போகிற எத்தனையோ பேர். கொண்டியில் பூட்டும் சாவியும் தொங்கின. கதவைச் சாத்திப் பூட்டினேன்.

படையல் போட அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள், நல்ல நாளில் காக்கவைக்க மனசு வரவில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் தங்கமான மனுஷி. "பாவம், லீவு நாள்ல வந்து தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். எங்கள் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். காந்தாவின் கடிதத்தைப் பார்த்ததும் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. படத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அது முன்பே தெரிந்திருந்தால் காந்தாவை வரச்சொல்லியே இருக்க மாட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் மையத்தில் வேலை பார்க்கிற சத்யப்ரியா காபி கொண்டு வந்தாள். அவசரப்படுத்தினால் தப்பாகத் தெரியுமே என்று அதிகாரிக்கு இன்னொரு காபியும் வரவழைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பிப் போனபோது காந்தாவுக்கு மூச்சு இல்லை. பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகுதான் கத்தினேன். தெரு முழுக்க ஓடி வந்தது. அப்போதுதான் வந்து பார்த்ததாகச் சொன்னேன். நான் அழுதது நடிப்பில்லை ஐயா. அவளை எனக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் கதம்பம் வாங்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

மெஷின் சரியாகிவிட்டதென்று முருகேசன்தான் என்னிடம் சொன்னார், சாவியையும் அவரே காந்தாவிடம் கொடுத்தார் என்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். இரண்டும் பொய். அவரை விட்டுவிடுங்கள். மானியம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஓர் அறைக்குக் காந்தாவின் பெயரை வைத்திருக்கிறோம். ஜெயப்ரியாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அந்த அறையில்தான் தங்கியிருக்கிறாள்.

நேற்றுக் காலை அவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். "நீங்க போறப்போ அம்மாவுக்கு உசுரு இருந்துதாக்கா? ஒரு வார்த்தைனா பேசினாங்களா?"

இல்லைம்மா, எல்லாம் முடிந்திருந்தது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இங்கே வந்தேன்.

காந்தா பேசினாள் ஐயா. நான் மெயினை அணைத்ததை அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. "கிட்ட வராதீங்கக்கா, தரை ஈரமா இருக்குது. உங்களுக்கும் அடிச்சிடும்" என்றாள். நான் கிட்டப் போகவில்லை. ஜெயப்ரியாவிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவின் பேச்சைத் தட்டாமல்தான் நான் கதவைச் சாத்தினேன்.