சவுக்கு மரத்துக்கு மழை

மார்கழி மழைக்குள் கல்முனை பஸ்ஸில் சவுக்குக் கிளையோடு ஒருவர் ஏறினார். நூல் பொதியோடு எனக்கு முன்னால் இருந்த மருதமுனை முஸ்லிம் நெசவாளர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“நத்தாருக்கா தம்பி?”

“ஓம் காக்கா,” என்று அண்ணன் முறை வைத்தார் அவர். “கிறிஸ்மஸ் மரம் கிடைச்சிட்டு. பஞ்சுதான் கிடைக்கல்ல.”

“மரத்துக்குப் பஞ்சு என்னத்துக்கு?”

“கொப்பில ஒட்டுறத்துக்கு. வெள்ளைக்காரன்ட ஊர்ல நத்தாருக்குப் பனி கொட்டுமாம்.”

“நமக்கு மழைதானே கொட்டுது.”

“மழைய எப்படிக் காக்கா மரத்தில வைக்கிற?”

நெசவாளர் பொதியைப் பிரித்து ஒரு பிடி வெள்ளை நூலை நீட்டினார்.

“வெட்டி, கொப்புக் கொப்பாத் தொங்க விடுங்க.”

மற்றவர் ஓரிழையைக் கிளையில் போட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

“புள்ளைகள் கேட்டா என்ன சொல்ற?”

“ஈஸா நபி பிறந்த அண்டைக்கு நம்மட ஊர்ல நல்ல மழை எண்டு சொல்லுங்க.”