மூணாவது ஜன்னல்

ஆமாங்க, மொத்தம் அறுபத்திரெண்டு பேரு. எழுதிக்கோங்க. ஆம்பளைங்க சுருட்டு சுத்துவாங்க, பொம்பளைங்க புகையிலையில நரம்பு உரிப்பாங்க. நான் மேஸ்திரி. பேரு ரத்தினவேல். பதினெட்டு வருசமா இந்த உறையூர்க் கொட்டாயிலதான் பொழப்பு. கேளுங்க சார், காலேஜ் வாத்தியாரு, ஸ்ரீரங்கத்துலேருந்து பாலம் தாண்டி மெனக்கெட்டு வந்திருக்கீங்க. இன்ஸ்பெக்டர் தொரை வந்தாகூட முதலாளி ரூம்ல காப்பியைக் குடிச்சிட்டுப் போயிடுவாரு. வேலை செய்யறவனுக்கு என்னா சௌகரியம் வேணும்னு யாருங்க கேட்டா?

காத்தா? அதான் நல்லா வருதே... ம். உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்லணும். நீங்க வரீங்கன்னுதான் இன்னிக்குக் காலைல ஜன்னலைத் தெறந்தது. மத்த நாள்ல ஆணி அடிச்சே கெடக்கும். இந்த ஆடிக் காத்து ஆத்துப் பக்கமிருந்து பிச்சுக்கிட்டு வரும் பாருங்க, சுருட்டுக்கு மேல சுத்துற எலை காஞ்சு, தொட்டா ஒடிஞ்சிடும். ஒடிஞ்சா முதலாளி என்னையத்தானே ஏசுவாரு? அதான் நானே ஆணி அடிச்சேன்.

இருமலா? எல்லாருக்கும் உண்டுங்க. இத்தனை தூசியும் எங்கதான் போகும்?

ஒருத்தி சொன்னா சார். அந்த மூணாவது ஜன்னலுக்குக் கீழ உக்காந்து உரிப்பா. இதை மட்டுமாவது தெறங்க, ஈரச்சாக்கைத் தொங்கவிட்டா எலையும் காயாது, மூச்சும் விடலாம்னா. இவ பெரிய இஞ்சினீயரு, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடின்னு எரிஞ்சு விழுந்தேன். அத்தனை பேர் முன்னாடியும். அவ குனிஞ்சு மறுபடி நரம்பு உரிக்க ஆரம்பிச்சிட்டா.

இன்னிக்கு ஆணியைப் பிடுங்குனதும் எலை காஞ்சிடுமேன்னு பயமாப் போச்சு. அவ சொன்னபடியே சாக்கை நனைச்சுக் கட்டினேன். தொட்டுப் பாருங்க இந்த எலையை. மதியம் ஆயிடுச்சு, இன்னும் எவ்வளவு பதமா இருக்கு! ஒண்ணுகூட ஒடியலைங்க.

அவளையா? கூப்பிட முடியாதுங்க. போன ஆடியிலேயே போயிட்டா. இருமி இருமி, கடைசில ரத்தமா வந்துச்சு. ஆனா அந்த யோசனையை எழுதிக்கோங்க சார். சொன்னவ பேரு ராசாத்தின்னு போடுங்க.

புருசன் பேரா? மொதல்லயே எழுதிட்டீங்களே சார், ரத்தினவேல்னு. மேஸ்திரி தன் பொண்டாட்டிக்கு மட்டும் ஜன்னலைத் தெறந்து விடுறான்னு நாலு பேரு பேசிடுவாங்களேன்னு இருந்துட்டேன், பாவி. இன்னிக்கு அந்த ஆணியைப் பிடுங்க ரெண்டு நிமிசங்கூட ஆகலைங்க.