கூறைப் புடவை கிளம்பிய நேரம்

"பெரிய பேட்டரி நல்லாத்தாம்மா இருக்குது. கூட இருக்கிற சின்ன பேட்டரிதான் செத்துப்போச்சு. அதனால வண்டி எழுந்திருக்க மாட்டேங்குது."

சின்ன காஞ்சிபுரம் பேருந்து நிறுத்தத்தில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர் நின்றிருந்தோம். ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தோம். பட்டுக்கடை வாசலில் நின்ற ஹைபிரிட் காருக்குள் மகன். வெளியே, கூறைப் புடவைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா. அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்குத் தொடங்கும் ராகு காலத்துக்குப் பதினோரு நிமிடம் இருந்தது.

"ரெண்டு பேட்டரி வெச்சிக்கினு கெளம்பலைன்னா, அது இன்னாடா காரு?"

"நீ ஒன்றரை மணி நேரம் கலர் பாத்துக்கினு இருந்தே. நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணாமலே பாட்டு கேட்டுக்கினு இருந்துட்டேன்."

"பத்தரைக்குள்ள கெளம்பிடறேன்னு பொண்ணு வீட்டுல சொல்லியிருக்கேன்டா!"

அந்த வழியே போன ஆட்டோ ஒன்று நின்றது.

"பேட்டரி டவுனா சார்? இதுக்கு ஆட்டோ பேட்டரியே போதும். ஒயர் இருக்குது, ரெண்டே நிமிசம்."

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒயரைத் தேடினார். ஆறு நிமிடம் போயிற்று. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒயர் கெடக்கட்டும்பா. பெரிய காஞ்சிபுரம் போகணும், எடு."

"அம்மா! எனக்குக் கரண்ட் குடுக்க வந்த ஆட்டோம்மா அது!"

"நல்ல நேரத்துல கெளம்ப வேண்டியது புடவைதான்டா, மாப்பிள்ளை இல்ல. உனக்கு முகூர்த்தம் அடுத்த மாசம். மெதுவா வா."