பாடு புத்தகத்தில் ஏறிய பெயர்

பெயர் சூசையம்மாள், வயது 51, க/பெ சந்தியாகு, பழவேற்காட்டை அடுத்த மீனவர் குப்பம், பொன்னேரி வட்டம். தொழில், பல்கலைக்கழக நூலகத்தில் பழைய சுவடிகளும் அரிய நூல்களும் உள்ள பிரிவில் ஒப்பந்த உதவியாளர்.

நான் மேற்படி முகவரியில் கணவர், இளைய மகன் ஜான்சன், மருமகள் பிரின்சி ஆகியோருடன் வசித்து வருகிறேன். புத்தகத்தைத் திருடினாயா, சேதப்படுத்தினாயா என்று இரண்டு கேள்வி கேட்டீர்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

தினமும் காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை வந்து வேலை பார்க்கிறேன். பெட்டிகளைத் துடைப்பது, வாசகர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, வாசலில் எல்லோரிடமும் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுப்பது என் வேலை. உள்ளே பேனா கூடாது என்பது விதி. பேராசிரியராகவே இருந்தாலும் பேனாவை வாங்கித் தட்டில் போட்ட பிறகுதான் விடுவேன். நான்கு வருடத்தில் ஒரு பேனாகூட என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை.

வழக்கில் சொல்லப்படும் புத்தகம் எங்கள் குப்பத்துப் பாடு புத்தகம். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் இறால் வலை கட்டுவது என்று வருடத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டுப் பிரிப்பதைப் பாடு என்போம். கல்யாணமான ஆண்பிள்ளையின் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறினால்தான் அவனுக்குச் சீட்டு உண்டு. செத்தவர் பெயரை மட்டும் கோடு போட்டு அடிப்பார்கள். வேறு எதற்காகவும் எந்தப் பெயரையும் அடிப்பதில்லை. என் மூத்த மகன் ஹேமந்த் கல்யாணமாகி ஏழு மாதத்தில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தான். அவன் பெயரும் அதில் அடிக்கப்பட்டிருக்கிறது.

அதற்கு அடுத்த வருடம் நூலகப் பிரிவின் பொறுப்பாளர் அனிதா மேடம் குப்பத்துக்கு வந்து, புத்தகத்தைக் கரையான் தின்கிறது, கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்போம் என்றார். எங்கள் தலைவர் ஜெரோம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேடம் முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் குப்பத்துக்கு அனுப்பி வைத்தார். அப்போது நான் அவரிடம் வேலை கேட்டேன், அவரும் பெரிய மனது பண்ணிப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளில் புத்தகம் நன்கொடை என்று இருப்பதாக நேற்றுத்தான் எனக்குச் சொன்னார்கள். நாங்கள் பத்திரமாக வைக்கக் கொடுத்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். இப்போது அது யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் ஜெராக்ஸை வைத்தே பாடு போட்டார்கள். குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் புதுப் பெயர் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த வருடம் ஜான்சனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் பெயரை ஏற்றக் கேட்டதற்கு ஜெரோம், "ஜெராக்ஸ்ல ஏத்தினா எவன் ஒத்துப்பான்? நாளைக்கு இன்னொருத்தன் வேற ஜெராக்ஸ் எடுத்துனு வருவான். புத்தகம் வரட்டும்" என்றார். ஜான்சன் தன் அப்பாவிடம், "வுடு நைனா, நானும் கம்பெனிக்கே போறேன்" என்றான். அவன் ஏற்கெனவே இரண்டு கம்பெனிக்குப் போய் இரண்டிலும் ஒரு மாதம் தாங்கவில்லை. தண்ணீரைப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அண்ணனை விழுங்கின தண்ணீர் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான்தான், "இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க, நான் கொண்டாறேன்" என்று சொன்னேன். கணவரோ மகனோ என்னைத் தூண்டவில்லை.

அதன் பிறகு சென்ற சனிக்கிழமை மேடத்திடம் கேட்கலாம் என்று போனேன். அவர் வெளியூர் போயிருந்தார். வாசகர் புத்தகம் எடுத்தால் சீட்டு எழுதி அது இருந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி என்பதால் நானும் எழுதி வைத்தேன். எடுப்பவர் சூசையம்மாள், காரணம் பாடு போட, மேசை எண் என்ற இடத்தில் எங்கள் குப்பத்தின் பெயர். அந்தச் சீட்டைத்தான் இங்கே என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். திருடுகிறவள் பெயர் எழுதி வைத்துவிட்டா போவாள் என்று ஐயாவைக் கேட்டேன்.

புத்தகத்தைப் புதுத் துண்டில் சுற்றி, ரயிலில் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்து வந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வலைக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. பெண்கள் அங்கே உட்காருவதில்லை என்பதால் நான் வாசலில் நின்றேன். கணவர் வெளியே வந்து, "சூசை, ஒரு பேனா இருந்தா குடு" என்றார். யாரோ வாசகர் மறந்துவிட்டுப் போன நீலப் பேனா என் பையில் இருந்தது, கொடுத்தேன். எதற்கென்று தெரியாமல் கொடுத்ததாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அது பொய். எதற்கென்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாக ஊரார் பேனாவை எல்லாம் பிடுங்கி வைத்தவள் அன்றைக்கு எப்படிக் கையை நீட்டினேன் என்றுதான் எனக்கே புரியவில்லை. அப்போது அது நூலகத்துப் புத்தகம் என்று தோன்றவே இல்லை. கடைசிப் பக்கத்தில் பாதி இடம் காலியாக இருந்தது, அதில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் புத்தகத்தை அதன் பெட்டியில் வைத்தேன். மறுநாள் ஜான்சன் தன் பெயரில் முதல் வலை கட்டினான். புதன்கிழமை ஆராய்ச்சி மாணவி இக்ரா அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கம் வந்ததும், "யா அல்லா, யாரு இதுல பேனாவால கிறுக்கினது?" என்று சத்தம் போட்டாள். நான் பக்கத்தில் போய், "கிறுக்கல் இல்லம்மா, அது என் புள்ள பேரு" என்று காட்டினேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு வருடமாக அந்தப் புத்தகத்தைக் குழந்தை மாதிரிப் புரட்டுகிறவள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அனிதா மேடம் வந்து, "நூத்தம்பது வருஷத்துப் புத்தகம் சூசையம்மா, இன்னா காரியம் பண்ணிட்டீங்க" என்றார். அந்த நூற்றைம்பது வருடமும் அதில் பெயர்தானே எழுதினார்கள், அவர்கள் மேல் எல்லாம் வழக்கு இல்லையே என்று கேட்டேன். அதற்கு மேடம், மருந்து போட்டு அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம், சம்மதம் என்றும் மன்னிப்பு என்றும் எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகம் போலீசில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற மேலிடத்தில் பேசுகிறேன், வேலையும் போகாது என்றார். நல்லவர், என் நன்மைக்குத்தான் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

இன்று ஐயாவும் அதையே கேட்டீர்கள். மன்னிப்பு எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கிறேன். மேடத்திடம் கேட்காமல் எடுத்தது தப்பு. வேலை போனாலும், வழக்கு நடந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்தப் பெயரை எடுக்கச் சம்மதம் கொடுக்க மாட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயர் மேல் கோடு கிடக்கிறது. நான் தினமும் துடைக்கும் பெட்டிக்குள்தான் அது கிடந்தது. இன்னொரு பிள்ளை உயிரோடு ஏரியில் நிற்கும்போது அவன் பெயரை எடு என்று என் கையால் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மேலும் சேர்த்து எழுதச் சொன்னது: கையெழுத்துப் போடச் சொன்னபோது வேலைப் பழக்கத்தில் மேசையில் இருந்த பென்சிலை எடுத்தேன். அதற்கு ஐயா, "பென்சில் கூடாதும்மா, நாளைக்கு எவனாவது அழிச்சிட்டா?" என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். அதையேதான் நானும் சொல்கிறேன் என்று சொல்லிப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்) ச. சூசையம்மாள்