நான்காம் முறையாக விடைபெறும் அன்வர் பாட்சா அவர்களுக்கு

"விடைபெறத் தெரிந்தவனே வீரன், விடைபெறத் தெரிந்தவனே நாடாளத் தகுந்தவன், சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவன் ஒரு பேரரசையே நிறுவினாலும் உத்தமன் ஆகமாட்டான்!" என்று உலகுக்கு உரைத்த உத்தமரே! கூத்தாநல்லூரில் பிறந்து, குளிர் வாட்டும் ஜெர்சி சிட்டியில் குடியேறி, வாரநாளெல்லாம் வங்கிக் கணினிகளைக் கட்டிக்காத்து, மன்ஹாட்டன் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே லத்தீன் கற்றுத் தேர்ந்த லட்சியச் செம்மலே! எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தன்னிகரில்லாத் தலைமையாசிரியரே! வணக்கம். இதற்கு முன் மூன்று விழாக்களில் சொன்ன அதே வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள்! பனி கொட்டிய நாளில் முதலில் வந்து கதவு திறந்தீர்கள். பிள்ளைகள் போனபின் கடைசியாக நின்று நாற்காலி மடக்கினீர்கள். மழலை வகுப்பில் தங்களிடம் அகரம் எழுதியவர்கள் இன்று தம் மழலைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்த மழலைகளையும் தாங்களே வரவேற்கிறீர்கள். இதில்தான் எங்களுக்குச் சிக்கலே.

கடமையின் கலங்கரை விளக்கமே! கழிவறைச் சாவி காணாமற்போனதைப் பேசுவதற்காகக் கூடிய ஆசிரியர் கூட்டம்கூடத் தங்கள் தலைமையில் லத்தீன் காவியத்தில்தான் முடிந்தது. எரியும் நகரிலிருந்து தந்தையைத் தோளில் சுமந்து வெளியேறிய அந்தக் காவிய வீரனைத் தாங்கள் சொல்லக் கேட்டே நாங்கள் அறிந்தோம். தெய்வம், தந்தை, நாடு மூன்றுக்கும் செய்ய வேண்டியதை லத்தீன்காரர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள் என்றீர்கள். தன் விருப்பத்தைக் கீழே இறக்கி வைத்தவன் கையில்தான் அதிகாரத்தைக் கொடுக்கலாம் என்றீர்கள். நன்று. ஆனால் அவனுக்கு அடைக்கலம் தந்த கடற்கரை நகரத்து அரசியிடம் அவன் சொல்லாமல் புறப்படப் பார்த்த கட்டம் வந்ததும், தங்கள் கை மேசையைக் குத்தும்.

"இந்த எடத்துலதான் சறுக்கிட்டான்! சோறு போட்ட மகராசி முன்னாடி நின்னு 'போயிட்டு வரேன்'னு சொல்லத் துப்பில்ல. அவளே கண்டுபுடிச்சுக் கேக்குற வரைக்கும் வாயத் தொறக்கல. இவன் ராஜ்யம் கட்டப் போறானாம்!"

மூன்றாம் நிலை மாணவி நதா ஒருமுறை, "வொய் டிட்ன்ட் ஹி ஜஸ்ட் டெக்ஸ்ட் ஹர், அங்கிள்?" என்று கேட்டாள். தாங்கள் விளக்கத் தொடங்கினீர்கள். அன்று வேற்றுமை உருபுப் பாடம் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை.

விடைபெறுதலின் வித்தகரே! தாங்கள் சொன்னதைச் செய்பவர் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. முறையாகவே விடைபெற்றீர்கள், மூன்று முறை. முதல் விழாவில் பஸீலா டீச்சர் அழுதார். ஏற்புரைக்கு எழுந்த தாங்கள், "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்றீர்கள். இரண்டாம் விழாவில் பிள்ளைகள் பாடினார்கள். மீண்டும் ஒரு வருஷம். மூன்றாம் விழாவில் யாரும் அழக்கூடாது, யாரும் பாடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவெடுத்தோம். ஒலிவாங்கியைக் கையில் வாங்கித் தாங்களே அழுதுவிட்டீர்கள். விழாவுக்கு ஒன்றாக நாங்கள் வாசித்தளித்த மூன்று மடல்களும் சட்டமிடப்பட்டுத் தங்கள் அறையில், அதாவது தாங்கள் காலிசெய்ய வேண்டிய அறையில், வரிசையாகத் தொங்குகின்றன. நான்காவதற்கு அங்கே ஆணி இல்லை.

இனிச் சொல்லப்போவதை வாசிக்கக் கூடாது என்று துணைத் தலைமையாசிரியர் வான்மதி கேட்டுக்கொண்டார். ஆகவே வாசிக்கிறோம்.

எட்டு ஆண்டுகளாகத் தங்கள் வலக்கரமாக இருப்பவர் அவர். எந்தப் பிள்ளை காரைவிட்டு இறங்கும்போது அழும், எந்தப் பெற்றோர் வாசலில் நின்று அழுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதி, தலைமையாசிரியராக முதல் நாள் பேசவேண்டியதையும் மூன்று முறை மனப்பாடம் செய்து மூன்று முறை மறந்தவர். அவர் கணவர் இளமாறனுக்கு டாலஸில் வேலை கிடைத்திருக்கிறது.

"மதி, உங்க சாருக்கு இது சீசன் ஃபோர். ரினியூ ஆயிட்டேதான் இருக்கும்" என்றார் இளமாறன்.

"இந்த ஒரு தடவை பாக்கலாம். ஏற்புரையில 'ஒரு வருஷம்'னு ஆரம்பிச்சாருன்னா, நீ ஆஃபர அக்செப்ட் பண்ணிடு. நான் வீட்ட பேக் பண்றேன்" என்றார் வான்மதி.

புரிகிறதா ஐயா? அவர் டாலஸ் போய்விட்டால் இந்தப் பள்ளியை நடத்தத் தெரிந்த ஒரே ஆள் மறுபடியும் தாங்கள்தான். பிறகு தாங்கள் போகவே முடியாது. ஐந்தாம் மடலும் நாங்களே எழுத வேண்டும். அடைமொழிகள் தீர்ந்துவிட்டன.

ஆகவே, அருந்தகையீர், அன்பு மேலிட, அலுப்பும் மேலிட, சொல்கிறோம்: போய் வாருங்கள். இதில் 'வாருங்கள்' என்பது மரபு கருதி மட்டும்.

மண்டபத்தில் வாசித்தது இவ்வளவே. மீதியை வான்மதி சொல்லக் கேட்டு, சட்டமிடக் கொடுக்குமுன் சேர்த்திருக்கிறோம்.

தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததுமே வான்மதி எழுந்து, பிரியாணித் தட்டுகள் அடுக்கியிருந்த பின்வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். 'டாலஸ்' என்ற சொல் கேட்டு அரங்கு சலசலத்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் காலடி. திரும்பினால், பொன்னாடை தோளில் இருக்க, அதன்மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு தாங்கள். பின்னால் கைப்பையோடு தங்கள் துணைவியார் அமீனா ஆன்டி.

"எங்க கெளம்புறீங்க? இன்னும் பிரியாணியே எடுக்கலையே?" என்றார் ஆன்டி.

"சத்தம் போடாம வா புள்ள. மைக்க கையில குடுத்தாங்கன்னா நான் கெட்டேன்."

அப்போதுதான் தாங்கள் வான்மதியைப் பார்த்தீர்கள். "சார்" என்று அவர் வாயெடுக்கத் தாங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"கூப்பிடாதம்மா. கூப்பிட்டா திரும்பிடுவேன்."

அந்தக் கடற்கரை நகரத்து அரசியைப் போலவே, கேட்பதற்கு எட்டு வருஷத்துக் கேள்விகள் வான்மதியிடம் இருந்தன. ஆனால் தட்டுகளை ஒதுக்கி வழிவிட்டார். தாங்கள் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தீர்கள்.

"ஹீட்டர் ரூம் சாவி மொரண்டு பண்ணும். கொஞ்சம் மேல தூக்கித் திருப்பு."

உள்ளே நாங்கள் ஏற்புரைக்குத் தங்களை அழைத்தோம். மறுபடியும் அழைத்தோம். சாவிக்கொத்தோடு வான்மதிதான் உள்ளே வந்தார்.

ஐயா, கோபம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை, பிரியாணியும்தான். ஆனால் அந்தக் கடற்கரையில் கயிற்றை வெட்டிக்கொண்டு கப்பலேறியவனை இனி எங்கள் கூட்டத்தில் யாரும் ஏசமாட்டோம். அமீனா ஆன்டியோடு நோயின்றி, நெடிது, நிம்மதியாக வாழ்க! மடல் தபாலில் வரும். நன்றி சொல்ல நேரில் வரவேண்டாம்.

தலைமையாசிரியர் வான்மதியும்
ஆசிரியர்கள் அனைவரும்

பின்குறிப்பு: அன்று பின்வாசல் கதவு அறைந்து சத்தம் போடாமலிருக்க, தாங்கள் வெளியே நின்று அதைக் கையால் பிடித்து, மெல்லச் சாத்திவிட்டுப் போனதாக வான்மதி சொன்னார்.