மூன்றாம் அறையின் நோயாளி

பதினாறு வயதுப் பிள்ளைகளின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். வெளியே ஜூலை வெயில் சோளக் கொல்லைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். பயத்தில் வரும் குளிர் அது. நாடி பார்ப்பதற்காக என் மணிக்கட்டைப் பிடிப்பார்கள். பிடித்த இடத்தில் நாடி இருக்காது. அவர்களுக்குத் தெரியாமல் நான் கையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பேன். கிடைத்துவிட்டது என்று முகம் மலரும்போது எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள் அதிகாரி, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். என் பெயர் வெர்னன் டாக்கெட். இந்த ஒஹாயோ பக்கத்து வீடுகளுக்குக் குளிர்காலத்தில் சூடேற்றும் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வருவார்கள். கையை மூடும் அளவுக்குப் பெரிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பன்றிக்காலில் தையல் போட்டுப் பழகுவார்கள். கடைசி வாரம் எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் பொய் நோயாளிகள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வயிற்றுவலி. மூன்றாம் அறையில் இருக்கும் எனக்கு மாரடைப்பு.

அந்த அறையில் ஒரு பழைய சோபா உண்டு. கதைப்படி அது என் வீட்டுக் கூடம், வருகிற பிள்ளை பக்கத்து வீட்டுக்காரர். கேட்டதற்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல வேண்டும். தானாக வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்" என்று பிள்ளை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வந்ததும் பயிற்சி முடிந்தது. நான் எழுந்து உட்கார்ந்து சிரிப்பேன். நோயாளியாக எனக்கு எப்படி இருந்தது, எந்த இடத்தில் தைரியம் வந்தது என்று சொல்வேன். அவர்கள் என் கையை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மீதி வருஷத்தை ஓட்டினேன். என் மனைவி டோரினுக்கும் எனக்கும் சண்டை கிடையாது. சண்டை போடவும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமே. அவள் டிவி முன்னால் இருப்பாள், நான் கார் கொட்டகையில் இருப்பேன். முடி வெட்டுகிறவரைத் தவிர என்னைத் தொட்ட மனிதர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

போன கோடையில் ஒரு பையன், எல்லாம் முடிந்து நான் எழுந்து உட்கார்ந்ததும், "எங்க தாத்தாவுக்கு நெஜமாவே வந்துச்சு சார். நீங்க பண்றது டிவியில வர்ற மாதிரில்ல இருக்கு" என்றான். வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்று மாலை, பயிற்சியை நடத்தும் நர்ஸ் கெய்ல் புரூயிட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூச்சு விடுகிற, வியர்க்கிற ஒரு ரப்பர் பொம்மை வரப்போகிறதாம். எனக்கும் ஓய்வு வேண்டுமில்லையா என்றார். இன்னும் ஒரே ஒரு கோடை கொடுங்கள் என்று கெஞ்சினேன். மனசு இளகி, பார்ப்போம் என்றார்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கண்ணாடி முன்னால் பழகினேன். பையன் சொன்னது சரிதான், எதுவும் ஒட்டவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாலும் தெரியும்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. டோரின் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் சோபாவில் உட்கார்ந்தாள். "வெர்ன், எனக்கு என்னவோ மாதிரி இருக்கு" என்றாள். நடிக்கும்போது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வேன். அவள் அப்படிச் செய்யவில்லை. பையில் சாவியைத் தேடுகிறவள் மாதிரி கழுத்துக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தாள். வலி தாடையில்தான் இருந்தது. மேலுதட்டில் மட்டும் வியர்வை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன். எங்கே பரவுகிறது, அழுத்துகிறதா, குத்துகிறதா, பத்துக்கு எவ்வளவு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"இவ்வளவு அக்கறையா நீ கேட்டதே இல்லையே" என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

அவ்வளவு நேரம் நாங்கள் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் கவனித்தேன். கொட்டகையிலிருந்து வந்து பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. கெய்ல்கூடச் சாப்பாடு செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜூலையில் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் வந்த பெண் அழுதேவிட்டாள். அடுத்தவன் ஃபோனைக் கீழே போட்டான். பொம்மை எல்லாம் வேண்டாம் போலிருக்கிறதே என்று கெய்ல் வராந்தாவில் சொன்னது என் காதில் விழுந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இருந்ததில்லை.

கடைசியாக வந்தவள் ஜோசலின். கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள், கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மறந்துவிட்டாளோ, உறைந்துவிட்டாளோ. நடுவில் நிறுத்த நோயாளிக்கு அனுமதி இல்லை. அதனால் நான் மேலே போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வைத்துக்கொள் என்று அவளிடம் நீட்டினேன். பட்டப்பகலில் விளக்கைப் போடச் சொன்னேன். மூச்சை இழுத்து, ரொம்ப நேரம் மூச்சில்லாமல் கிடந்து, மறுபடி ஒருமுறை இழுத்தேன். கெய்ல் கதவைத் திறந்துகொண்டு வந்து போதும் என்றார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஜோசலின் கையை எடுக்கவில்லை. "நான் கூப்பிடலேன்னா அடுத்து என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என்னைப் பார்த்து இப்படி அக்கறையாகக் கேட்பவர்களிடம் எனக்குப் பொய் வராது. என் மனைவியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றேன். கெய்லின் முகம் மாறியது. "நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்களே, வெர்னன்" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் கையை எடுத்தாள்.

அன்றைக்கு வீட்டில் ஃபோன் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். என் சட்டைப் பையில்தான் இருந்தது. டோரின் கேட்கவில்லை, கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அவள் கேட்டாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு, வெர்ன்" என்று தெளிவாகவே சொன்னாள். அந்த வார்த்தை வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதிகாரி. எல்லாம் முடிந்துவிடும், கையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அது காதில் விழாத மாதிரி, பத்துக்கு எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். பத்து என்றாள். அவள் கண்ணாடியை வாங்கிவைத்துக்கொண்டேன், விளக்கைப் போட்டேன், கடைசி மூச்சு வரை அவள் கையை விடவில்லை. அவளைத் தனியாக விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

முடிந்த பிறகு, எங்கள் வழக்கப்படி, எனக்கு எப்படி இருந்தது என்று அவளிடம் சொன்னேன். ரொம்ப நன்றாகச் செய்தாய் டோரின் என்றேன். அவள்தான் எழுந்து உட்காரவில்லை.