திரை மடிப்பில் ஒருத்தி

இரவு பதினொன்றரை. மூடிக்கிடக்கும் மில்லைச் சுற்றிப் போகிற சாலை... ஒரு தெருவிளக்கும் எரியவில்லை. குரைக்க ஒரு நாய்கூட இல்லை. என் அறைத்தோழியின் அக்கா அதில் தனியாக நடந்து போகிறாள். நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அக்காதான் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்துவது. கறுப்பாக இருக்கிறவளை வெளுப்பாக்கு. மாப்பிள்ளையின் தொப்பையைக் குறை. அன்றைக்கு முதலாளி போனில் கத்தியிருந்தார். "காலைல ஆல்பம் போகணும். போகலன்னா நீ இந்தப் பக்கமே வராத."

போனாள். மாடியில் கம்ப்யூட்டர் விசிறி மட்டும் கர்ர்ர்... என்றது.

முதலாளி புதுக் கேமரா வாங்கியிருந்தார். அதன் ரா ஃபைல், அதாவது திருத்தாத மூலப்படம், முதலில் செத்த மாதிரி மங்கலாக இருக்கும். நாம்தான் வெளிச்சம் ஏற்ற வேண்டும். பழைய கேமராவில் இருட்டு என்றால் வெறும் இருட்டு. இது இருட்டுக்குள் இருப்பதையும் சேர்த்து விழுங்கி வைத்திருக்கும். வாங்கியவருக்கு அது தெரியாது.

மேடையில் மாப்பிள்ளை, மணப்பெண். பின்னால் கருநீலத் திரை. அக்கா வெளிச்சத்தை ஏற்றினாள்... இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

திரை மடிப்புக்குள் ஒருத்தி நின்றாள்.

அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். தலையில் பாதி முடி இல்லை. மாப்பிள்ளையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் மெல்ல... முடி கருகும் வாடை.

அக்கா படத்தை முதலாளிக்கு அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"அழி."

"யார் சார் இது?"

"அவனோட முதல் பொண்டாட்டி. அடுப்புத் தீயில செத்தவ."

"செத்தவங்க எப்படி சார்..."

"அவ பொணத்தப் போலீசுக்குப் படம் எடுத்தவனே நான்தான். அவ கழுத்துல இருந்த விரல் தடத்தையே அழிச்சுக் குடுத்தேன். பெரிய படிப்புப் படிச்சவ, உனக்கு ஒரு திரையைத் துடைக்க வராதா?"

அக்காவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. இந்தப் புதுப்பெண் இப்போது அவனோடு, அதே வீட்டில் இருக்கிறாள். ஆல்பத்துக்காக அவள் கொடுத்திருந்த எண்ணை அழைத்தாள்.

"ஸ்டுடியோல இருந்து பேசுறேம்மா. கேள்வி கேக்காத. உடனே அந்த வீட்ட விட்டு வெளிய வா."

"வெளியதான்க்கா நிக்கிறேன்." குரலில் துளிப் பதற்றம் இல்லை.

"அவன் எங்க?"

"உள்ள தூங்குறாரு. கதவ வெளிப்பக்கம் பூட்டச் சொன்னாங்க. பூட்டிட்டேன்."

"யாரு சொன்னா?"

போனுக்குள் கண்ணாடி வெடிக்கும் சத்தம்... அப்புறம் படபடவென்று எதுவோ எரிவது. உள்ளேயிருந்து ஒருவன் கதவை இடிப்பது.

"அக்கா... இவங்க உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. படத்துல அவங்கள அழிக்கச் சொன்னது யாரு?"

அக்கா முதலாளியின் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். பின்வாசல் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதையும் சேர்த்து.